கமத்து நாய்க்குட்டியை இளமையிற் பழக்குதல்

வயலோரக் காவற்கொட்டிலிலோ மிளகாய்த் தோட்டத்து மூலையிலோ நாய் ஒன்று இல்லாத கமத்தைக் காண்பது அரிது. இரவிற் பன்றி வேலியை முட்டும்பொழுதும், கட்டாக்காலி மாடு வரம்பேறும்பொழுதும், இறைப்பு இயந்திரத்தைக் கழற்ற வந்தவன் படலையைத் திறக்கும்பொழுதும் முதலிற் குரல் கொடுப்பது அதுவே. ஆயினும் விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதிலும் நாற்றுமேடை அமைப்பதிலும் மிகுந்த கவனஞ் செலுத்துங் கமக்காரர், நாய்க்குட்டி தானாகவே வளருமென்று விட்டுவிடுகின்றனர். ஓராண்டு சென்றபின் அந்நாய் களைபிடுங்க வந்த பெண்ணைக் கடிக்கின்றது; அல்லது உழவு இயந்திரத்தின் ஓசை கேட்டவுடன் கட்டிலின் கீழ் ஒளிக்கின்றது; அல்லது அயலவரின் ஆட்டுக்குட்டியைக் கொன்று வீட்டாருக்கு வழக்கைத் தேடித் தருகின்றது. அப்பொழுது, "சாதி சரியில்லை" என்று கூறி, அதனைச் சங்கிலியிற் கட்டிவிடுகின்றனர். அல்லது தூரத்திற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் குறை சாதியில் மட்டும் இல்லை. அக்குட்டி பிறந்து மூன்றாம் வாரத்துக்கும் பதினான்காம் வாரத்துக்கும் இடையில் எவற்றைக் கண்டது, எவற்றைக் காணவில்லை என்பதே முதலில் விசாரிக்கப்பட வேண்டியதாகும்.

பழகுங் காலம்

நாய்க்குட்டி பிறக்கும்பொழுது கண்ணும் காதும் மூடியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்திற் கண் திறக்கும். மூன்றாம் வாரமளவிற் செவி கேட்கத் தொடங்கும். அதன்பின் சில வாரங்கள் வரை அதற்கு அச்சத்திலும் பார்க்க ஆவலே மிகுதியாயிருக்கும். புதிய பொருளைக் கண்டால் முகர்ந்து பார்க்கும். புதிய மனிதரைக் கண்டால் நெருங்கி வரும். ஏழு எட்டு வாரம் கடந்தபின் அச்சம் சிறிது சிறிதாக வளர்ந்து, பன்னிரண்டு தொடக்கம் பதினான்கு வாரமாகும்பொழுது, அதுவரை கண்டிராத எதனையும் ஐயத்தோடு நோக்கும் இயல்பு நிலைபெறுகின்றது. காட்டில் வாழும் விலங்குக்கு இவ்வியல்பு உயிரைக் காப்பது. வீட்டு நாய்க்கோ அக்காலத்துக்குள் மனிதரையும், மாட்டையும், இயந்திரத்தையும் அறிந்துகொள்ள வேண்டிய தேவை உண்டு.

இதனை ஆராய்ந்தறிந்தவர் பலர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள பார் ஹாபர் என்னும் ஊரின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகியோர் நடத்திய பரிசோதனை 1961 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உயர்ந்த வேலியடைத்த வெளியிற் குட்டிகளைத் தாயுடன் வளரவிட்டு, மனிதர் கை படாதவாறு உணவு மட்டும் கொடுத்து வந்தனர். அவற்றுட் சிலவற்றை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை 3, 5, 7, 9 ஆகிய வாரங்களிலும் எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதருடன் பழகவிட்டு மீண்டும் வெளியில் விட்டனர். ஒரு சிலவற்றைப் பதினான்கு வாரம் வரை தொடவேயில்லை. ஐந்தாம் வாரத்துக்கும் ஒன்பதாம் வாரத்துக்கும் இடையில் எடுக்கப்பட்டவை மனிதருடன் நன்கு பழகின. பதினான்கு வாரம் வரை மனிதரை அறியாதிருந்தவை காட்டு விலங்குபோல் வெருண்டன. பின்னர் எடுத்த முயற்சியாலும் அவ்வச்சம் நீங்கவில்லை. நாற்றுமேடையில் முதிர்ந்துவிட்ட நாற்று, எவ்வளவு பசளை இட்டாலும் வேண்டிய அளவு மட்டம் வெடிப்பதில்லையென்பது நெற்செய்கையாளர் அறிந்ததே. இதுவும் அதனையொத்தது.

குட்டியைத் தாயிடமிருந்து எடுத்தல்

கிராமங்களிற் குட்டி சோறு நக்கத் தொடங்கியவுடன், அதாவது நான்கு ஐந்து வாரத்தில், எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. இது நன்றன்று. அவ்வயதில் உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்பொழுது, வலுவாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டு விலகும். தாயும் உறுமி அடக்கும். பல்லை எவ்வளவு அழுத்தலாமென்பதை நாய் கற்பது இங்கேதான். எட்டு வாரமளவிற் குட்டியை எடுத்தலே பொருத்தமானது. ஆனால் அதுவரை தாய்நாயின் சொந்தக்காரர் அவற்றை நாள்தோறும் கையிலெடுத்துத் தடவிவர வேண்டும். வைக்கோற் போரின் அடியில் ஈன்று, யாரும் அணுகாமல் வளர்ந்த குட்டியை எட்டாம் வாரத்தில் எடுப்பவர் பழகுங் காலத்தின் பாதியை இழந்துவிடுகின்றார்.

குட்டியைத் தெரியுமுன் தாயைப் பார்த்தல் நன்று. மனிதரைக் கண்டவுடன் வாலைக் கால்களுக்கிடையிற் செருகி ஒதுங்குந் தாயின் குட்டிகள் இரத்தவழியாலும், தாயைப் பார்த்துக் கற்பதாலும் அச்சமுடையனவாதல் கூடும். எல்லாவற்றிலும் பெரிய குட்டியே சிறந்தது என்னும் எண்ணமும் முழுவதும் சரியன்று. தரையில் அமர்ந்து மெல்ல அழைக்கும்பொழுது அருகே வந்து, கைதட்டும் ஓசைக்குத் திடுக்கிட்டாலும் சிறிது நேரத்தில் மீண்டும் வருங் குட்டியே கமத்துக்கு ஏற்றது.

எவற்றைக் காட்ட வேண்டும்

நாய் தன் வாழ்நாளிற் சந்திக்கப்போகும் எல்லாவற்றையும் பதினான்கு வாரத்துக்குள் ஒருமுறையாவது, அச்சமின்றி, காணச் செய்தலே இம்முறையின் சாரம். கமத்தில் இது பட்டினத்திலும் பார்க்க எளிது. ஏனெனிற் காண வேண்டியவை வேலிக்கு உள்ளேயும் அருகேயும் இருக்கின்றன.

மனிதருள் வீட்டார் மட்டும் போதாது. வீட்டாரை மட்டும் அறிந்த குட்டி, மற்றையோரை வேறோர் இன விலங்காகக் கருதும். பொல்லூன்றி வரும் முதியவர், குடை பிடித்தவர், தலையிற் கடகம் சுமந்த பெண், வெள்ளைச் சீருடையிற் பள்ளிக்கூடம் செல்லுஞ் சிறுவர், தலைக்கவசம் அணிந்து மோட்டார்ச் சைக்கிளில் வருபவர், முதுகில் தெளிகருவியும் முகத்தில் மூடுதுணியும் அணிந்த கூலியாள் ஆகியோர் குட்டியின் கண்ணுக்கு வெவ்வேறு உருவங்களே. தலைக்கவசத்தோடு வந்தவரைக் கண்டு குரைக்கும் நாய், அவரே அதனைக் கழற்றியவுடன் வாலாட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். ஆதலின் வருவோரிடம் சிறு துண்டு அவித்த மீனையோ முட்டையையோ கொடுத்து, அவர் கையாற் குட்டிக்குப் போடச் செய்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் இருவர் வந்தாலும், ஆறு வாரத்திற் குட்டி அறிந்த மனிதர் ஐம்பதுக்குக் குறையார்.

இங்கே கமக்காரர் பலர் ஒரு தடையைக் கூறுவர். எல்லாரோடும் பழகிய நாய் கள்வனுக்கும் வாலாட்டுமே, பின் காவல் எங்கே என்பர். இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. குட்டிப் பருவத்திலுள்ள நாய் காவல் செய்வதில்லை; அவ்வுணர்ச்சி பெரும்பாலும் ஒரு வயதை அடுத்து, உடல் முதிரும்பொழுது, தானாகத் தோன்றுவது. பகலிற் படலையால் வருபவர் எத்தகையவர், அவர் எவ்வாறு நடப்பர் என்று அறிந்த நாய்க்கே, நள்ளிரவில் வேலியால் நுழைபவன் வேறுபட்டவனென்பதும் விளங்கும். எல்லாரையும் ஒருங்கே அஞ்சும் நாயோ காற்றில் ஆடும் பனையோலைக்கும் குரைத்து, வீட்டாரின் செவியை மரத்துப்போகச் செய்கின்றது. உண்மையாகப் பன்றி வந்த இரவிலும் ஒருவரும் எழுந்து பார்ப்பதில்லை. மிகவும் சாதுவான நாய்கள் சில காவலுக்கு உதவாமற் போவதும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கமத்துக்கு வேண்டியது குரைத்து எழுப்பும் நாயேயன்றிக் கடிக்கும் நாய் அன்று. கடிபடுபவன் கள்வனாயிருப்பது மிக அரிது. கடிபடுவோர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளும் அயலவருமே.

ஓசைகளை அறிமுகஞ் செய்தல்

குட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஓசையே. இறைப்பு இயந்திரம், உழவு இயந்திரம், நெல் அறுவடை இயந்திரம், குருவி விரட்டத் தகரம் அடித்தல், யானை வெடி ஆகியன யாவும் உலர்வலயக் கமத்தில் அன்றாட ஓசைகளே. இவற்றைத் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். நீரிறைக்கும் நேரத்திற் குட்டியை ஐம்பது யார் தொலைவில் வைத்து உணவு கொடுக்கலாம். அது ஓசையைக் கேட்டுக் காதை நிமிர்த்திவிட்டு மீண்டும் உண்ணுமாயின், மறுநாள் பத்து யார் அருகே செல்லலாம். உண்ண மறுத்தால் அதுவே அளவுகோல். தொலைவு போதவில்லையென்று அறிந்து உடனே பின்வாங்க வேண்டும். வாலை ஒடுக்குதல், காதைப் பின்னே மடித்தல், பசியோ நித்திரையோ இல்லாதபொழுது அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணாற் பார்த்தல் ஆகியனவும் அச்சத்தின் குறிகளே.

"பயம் தெளியட்டும்" என்று குட்டியை இயந்திரத்தின் அருகே கட்டிவிடுவதும், அழ அழத் தூக்கிக் கொண்டுபோய்க் காட்டுவதும் எதிரான பயனையே தரும். எட்டாவது வாரத்தை அடுத்த நாள்களில் இவ்விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அக்காலத்தில் ஒருமுறை ஏற்பட்ட கடும் பயம் நெடுங்காலம் நிற்கக்கூடும். வெடிச் சத்தத்தை எவ்வகையிலும் அருகில் நின்று பழக்க முயலுதல் ஆகாது. வெடி போடும் இரவிற் குட்டியை வீட்டினுள்ளே, வீட்டாரின் அருகில் வைத்திருத்தலே போதுமானது. அஞ்சிய குட்டியை அணைத்துத் தடவினால் அச்சம் வளருமென்பது தவறான எண்ணம். அச்சம் பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கமன்று.

எந்த மாதத்திற் குட்டி வந்ததென்பதையும் கவனித்தல் நன்று. பெரும்போக அறுவடைக் காலத்தில் வந்த குட்டி ஒரு வாரத்திற் காண்பதை, வேலையற்ற மாதத்தில் வந்த குட்டி இரண்டு மாதத்திலும் காண்பதில்லை. முன்னதற்குத் திகட்டல் உண்டாகாமற் பார்த்து, சூடடிக்கும் களத்தில் அரைமணி நேரம் இருந்தபின் அமைதியான நிழலில் உறங்கவிட வேண்டும். பின்னதைச் சந்தைப் பாதையோரத்துக்கும், குளக்கட்டுக்கும், கூட்டுறவுக் கடை வாசலுக்கும் வேண்டுமென்றே கொண்டுசெல்ல வேண்டும்.

ஆடு, மாடு, கோழி

கோழியைத் துரத்துதல் குட்டிக்கு விளையாட்டு. இரண்டு மூன்று முறை துரத்தியபின் அது விளையாட்டாக நில்லாது. முதல் துரத்தலையே தடுத்தலன்றி, கொன்றபின் அடிப்பதனாற் பயனில்லை. செத்த கோழியைக் கழுத்திற் கட்டும் வழக்கத்தால் நாய் எதனையும் கற்பதில்லை. முதல் இரண்டு மாதமும் கோழி மேயுமிடத்திற் குட்டியை மெல்லிய கயிற்றிற் பிடித்திருந்து, அது கோழியைப் பார்த்துவிட்டு வீட்டாரின் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் சிறிது உணவு கொடுத்துவர வேண்டும். ஆட்டுப் பட்டிக்கும் இதுவே முறை. மாட்டின் காற்கீழ்க் குட்டியை விடலாகாது. ஒருமுறை உதைபட்ட குட்டி வாழ்நாள் முழுவதும் மாட்டைக் கண்டு ஓடும், அல்லது சீறும்.

விலங்குகளோடு இளமையிற் பழகுவதன் வலிமைக்குத் தென்னமெரிக்காவிற் சிறந்த சான்று உண்டு. 1833 ஆம் ஆண்டில் இன்றைய உருகுவே நாட்டில் பயணஞ் செய்த சார்ல்ஸ் டார்வின், மனிதரின்றித் தனித்து நின்று பெரும் ஆட்டு மந்தைகளைக் காக்கும் நாய்களைக் கண்டார். அவற்றைக் குட்டியாயிருக்கும்பொழுதே தாயிடமிருந்து பிரித்து, பட்டியில் உரோமப் படுக்கையில் இட்டு, செம்மறியின் பாலை உண்ணச் செய்து வளர்த்தனரென்று அவர் எழுதியுள்ளார். மற்றை நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் பழகவிடாது வளர்ந்தமையால் அந்நாய் ஆட்டையே தன் இனமெனக் கொண்டது. மனிதரோடும் பழக வேண்டிய நம் வீட்டு நாய்க்கு அம்முறை அப்படியே ஏற்றதன்று. இளமையிற் கண்டதன் ஆற்றல் எவ்வளவு என்பதை மட்டும் அது காட்டுகின்றது.

பிள்ளைகளும் குட்டியும்

பிள்ளைகள் குட்டியோடு விளையாடுதல் இரு பகுதியார்க்கும் நன்மையே. எனினும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் குட்டியையும் தனியே விடலாகாது. உண்ணும்பொழுதும் உறங்கும்பொழுதும் தொடுதல், வாலையோ காதையோ இழுத்தல், கழுத்திற் கயிறிட்டு இழுத்தோடுதல் ஆகியவற்றைப் பெரியோர் தடுக்க வேண்டும். பல் முளைத்து மாறுங் காலத்திற் குட்டி கையைக் கடிக்கும். அப்பொழுது அடியாமல், கையை அசைக்காது எடுத்துக்கொண்டு விளையாட்டை நிறுத்தி, முடிச்சிட்ட பழந்துணியைக் கடிக்கக் கொடுத்தல் வேண்டும். உணவுத் தட்டை இழுத்துப் பறித்து, "உறுமாமற் பழக்குகிறோம்" என்பவர் உறுமலையே பழக்குகின்றனர். தட்டின் அருகே செல்லும்பொழுதெல்லாம் அதனிலும் சுவையான துண்டொன்றைப் போட்டுவந்தால், ஆள் நெருங்குவது நன்மைக்கே என்று குட்டி கற்கும்.

உறுமும் நாயை அடித்து வாயடக்குதலும் ஆபத்தானது. உறுமல் எச்சரிக்கை; அதனை அடக்கினால் நாய் எச்சரியாமற் கடிக்கக் கற்கும். முன்வந்து நெடுநேரம் கட்டிவைத்தலும் இத்தகையதே. சங்கிலியிற் கிடக்கும் நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை. ஆகவே நெருங்கி வரும் எதனையும் அது பல்லால் விலக்கப் பார்க்கும். பகலிற் கட்டித்தான் ஆகவேண்டுமெனின், நிழலும் நீரும் உள்ள இடத்தில், வழிப்போக்கர் கல்லெறிய முடியாத பக்கத்திற் சில மணி நேரம் மட்டும் கட்டலாம்.

நோய்க் காப்பு

பழக்குவதற்காகக் குட்டியைத் தெருவில் விடுதல் வேறு, தெருவைக் காட்டுதல் வேறு. பார்வோ என்னும் வயிற்றோட்ட நோயின் நச்சுயிர் நோயுற்ற நாயின் மலத்திலிருந்து மண்ணிற் கலந்து பல மாதங்கள் வரை அழியாதிருக்கும். குட்டிகளே அதற்குப் பெரும்பாலும் பலியாவன. ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் முதலாவது தடுப்பூசியை இட்டு, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, குட்டிக்கு நான்கு மாதமாகும்வரை, தொடர்ந்து இடுதல் வேண்டும். அத்தொடர் முடியும்வரை வெளியிடங்களுக்குக் குட்டியைக் கையிலோ கடகத்திலோ சுமந்து செல்லலாம். கட்டாக்காலி நாய்கள் திரியுமிடத்தில் தரையில் விடலாகாது. தடுப்பூசி முடியட்டுமென்று நான்கு மாதமும் வீட்டினுள் அடைத்துவைப்பவர், நோயிலிருந்து காத்த குட்டியை அச்சத்துக்குக் கொடுத்துவிடுகின்றார். இரண்டையும் ஒருங்கே செய்யலாம். குடற்புழுவுக்குரிய மருந்தும் இளமையிலேயே தொடங்கப்பட வேண்டும். நாயின் வட்டப்புழு பிள்ளைகளையும் தாக்கவல்லது.

விசர்நோய்த் தடுப்பூசியைப் பற்றித் தனியே கூற வேண்டும். விசர்நோய் குட்டிகளுக்கும் வரும். குட்டிதானே கடித்தது என்று விட்டுவிட்டு உயிரிழந்தோர் உண்டு. குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ இயலாதது. தடுப்பூசி இடவேண்டிய நாளைக் கால்நடை வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குட்டி வந்த வாரத்திலேயே கேட்டறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் இடுவித்து, அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். நாயை உள்ளூராட்சி மன்றத்திற் பதிவு செய்தல் 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. எந்த நாய் கடித்தாலும், நகத்தாற் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதனையும் காயத்திற் பூசலாகாது.

எலிப் பாசாணமும் பூச்சிநாசினிப் போத்தலும் குட்டியின் வாய்க்கு எட்டாதிருத்தல் வேண்டுமென்பதைக் கமக்காரருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பன்றிக்கு இரையினுள் மறைத்து வைக்கப்படும் வெடியோ சட்டவிரோதமானது. அயலவரின் நாயையும், சில வேளை பிள்ளையையும் அது கண்டறியாது.

காலந் தவறிய நாய்

பதினான்கு வாரம் கடந்தபின் கையில் வந்த குட்டியும், அச்சத்தோடு வளர்ந்த பெரிய நாயும் பயனற்றவையல்ல. ஆயினும் ஆறு வாரத்தில் நடப்பதற்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் செல்லலாம். முழு மாற்றத்தை எதிர்பார்த்தலும் கூடாது. அத்தகைய நாயை ஆள்நடமாட்டமுள்ள தெருவோரத் தோட்டத்தில் வையாது, உள்வயற் கொட்டிலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவரே நாள்தோறும் உணவிட்டு, அது தானாக நெருங்கும்வரை கையை நீட்டாதிருக்க வேண்டும். கூலியாள்கள் வரும் நாளில் முன்கூட்டியே அடைத்துவிடுதல் வீட்டுக்காரரின் பொறுப்பாகும்.

நன்கு பழகிய குட்டியும் ஆறாம் மாதத்துக்குப் பின் சில காலம் முரட்டுத்தனங் காட்டும்; முன் அஞ்சாதவற்றுக்கும் அஞ்சும். பழக்கம் அழிந்துவிட்டதென்று கருதி அடிக்கத் தொடங்கலாகாது. முன்போலவே வருவோர் கையால் உணவு கொடுப்பித்தும், ஓசைகளைத் தூரத்திலிருந்து மீண்டும் காட்டியும் வந்தால் அது ஒன்றரை வயதளவில் அடங்கும். கருத்தடை செய்விப்பதாயின், அதற்கேற்ற வயதை அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, சிறுபோக விதைப்பு வேலை தொடங்குமுன் நாளைக் குறித்துக்கொள்ளுதல் வசதியாயிருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் புண் ஆறும்வரை நாய் சேற்றில் இறங்காமற் காத்தல் வேண்டும்.